மந்தாரை பூக்காத வருஷங்கள்

என் அன்பு மகனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீயும் வடிவும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற முதல் வரியை உன் அப்பா இரண்டு முறை சத்தமாக வாசித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நாகபுரியில் உங்களுக்குக் கிடைத்த ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறதாம். அதில் நம் வீட்டு வெள்ளை மந்தாரையை வைக்க வேண்டும் என்று வடிவு ஆசைப்படுகிறாளாம். விதை அனுப்பச் சொல்லி, எப்படி வளர்ப்பது என்றும் எழுதச் சொல்லியிருக்கிறாய். கேட்டது அவள் என்பதில் எனக்கு எத்தனை சந்தோஷம் என்று அவளிடம் சொல். தை மாதம் கல்யாணமாகி இங்கே வந்து இருந்த நாட்களில், இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நின்ற அந்தச் செடிக்கு முன்னால் நின்று, "அத்தை, இது என்ன பூ பூக்கும்?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். கல்யாணத்துக்கு வந்த மற்றவர்கள் எல்லோரும், செத்த செடியை ஏன் இன்னும் பிடுங்கவில்லை என்றுதான் கேட்டார்கள்.

கடிதத்தின் கடைசியில் நீ ஒன்று கேட்டிருக்கிறாய். நீ சின்னவனாக இருந்தபோது மந்தாரை இரண்டு மூன்று வருஷம் பூக்கவே இல்லையே, அது ஏன் என்று. கல்யாணத்தன்று மாலையை எடுத்துக் கொடுக்கும்படி பின்வீட்டு ஆவுடை பெரியம்மாவிடம் நீ கேட்டபோது, "என் கை பூவுக்கு ஆகாதுலே மக்கா. உங்க வீட்டு மந்தாரையே என் கை பட்டுத்தான் பட்டுப் போச்சு" என்று சொல்லி அவள் ஒதுங்கிக்கொண்டாள் என்றும், அது என்ன வேடிக்கை என்றும் எழுதியிருக்கிறாய். வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறாய். நான் அந்த வரிகளை மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெரியம்மா கை பட்டு அந்தச் செடி பட்டுப் போகவில்லை. என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. பதினாலு வருஷமாக நான் சொல்லவில்லை. அவளுடைய வீட்டுக்காரருக்குக் கோயில் அலுவலகத்தில் வேலை முடிந்துவிட்டது. ஆடித்தபசுத் திருவிழா கழிந்ததும் இரண்டு பேரும் அவருடைய சொந்த ஊரான குருவிகுளத்துக்குப் போய்விடப் போகிறார்கள். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் நான் அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லியாக வேண்டும். தைரியம் வருகிறதா என்று முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் செடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வடிவு கோபித்துக்கொள்வாள். இத்துடன் துணியில் முடிந்து வைத்திருக்கும் விதைகளை ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஊறிப் பருத்தவற்றை மட்டும் எடுத்து, அரை விரல் ஆழத்தில் ஊன்றுங்கள். உங்கள் ஊர் மண்ணும் நம் கரிசல் போலத்தான் என்கிறார்கள். அப்படியானால் குழியில் பாதிக்கு மணல் கலக்க வேண்டும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். சுவரிலிருந்து நாலடியாவது தள்ளி வையுங்கள். முளைத்து வரும் இலை நடுவில் பிளந்து, மாட்டுக் குளம்பு பதிந்தது போல இருக்கும். இரண்டாம் வருஷம் பூக்கத் தொடங்கும். தை பிறந்ததும் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். அப்போது பதறிப்போய்க் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வாரத்துக்கு ஒரு செம்பு போதும். உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரியும். கிளையைக் கழிக்க வேண்டுமானால் அந்த மாதத்திலேயே கழித்துவிட வேண்டும். துளிர் விட்டு மொட்டு வைத்த பிறகு, வெயில் காலத்தில், கத்தியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை நான் கல்லூரியில் படித்தேன். படித்தும் செய்தேன்.

அந்தச் செடி வந்த கதை உனக்குத் தெரியும். உனக்கு ஐந்து வயது இருக்கும்போது, ஒரு பத்திரப் பதிவுக்காக சிவகிரிக்குப் போன உன் அப்பா, யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் வெயிலில் வெடித்துக் கிடந்த காய்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "நீ படிச்ச படிப்புக்கு இதாவது உதவட்டும்" என்று கொடுத்தார். கேலியாகச் சொன்னாலும் ஆசையாகக் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் தாவர இயல் படித்தபோது பூக்களைப் பிரித்து, படம் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதுவேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த நோட்டுப் புத்தகம் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. மந்தாரை முதல் பூ பூத்த அன்று, அதை மறுபடி வெளியே எடுத்தேன். காலை அடுப்பு வேலை முடிந்து, அப்பாவும் நீயும் வெளியே போன பிறகு, அந்தச் செடி முன்னால் உட்கார்ந்து அரைமணி நேரம் படம் வரைவேன். நாள் முழுவதிலும் என்னுடையது என்று இருந்தது அந்த அரைமணிதான்.

நம் வீட்டுக் கொல்லையும் ஆவுடையக்கா வீட்டுக் கொல்லையும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் இடுப்பளவு சுவர். ஏறி இறங்க ஒரு பழைய ஆட்டுக்கல். வாசல்கள் வேறு வேறு தெருவில். மந்தாரையை நான் சுவரிலிருந்து ஓரடி தள்ளித்தான் வைத்திருந்தேன், அது என் முதல் தப்பு. பாதிக் கிளை அந்தப் பக்கம் சாய்ந்தது. அக்கா விடியும் முன்பே குளித்து, ஈரப் புடவையோடு, பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் வந்து, எட்டிய பூவையெல்லாம் பறித்துவிடுவாள். எட்டாததை ஆட்டுக்கல்லில் ஏறிப் பறிப்பாள். அவள் வீட்டு அம்மன் படத்துக்குத்தான். சாமிக்குப் பறிக்கும் பூவுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். சாமிக்கு என்று பறிப்பவளை நிறுத்தக் கூடாது என்பதும் வழக்கம். அதனால் அவள் கேட்டதில்லை, நான் தடுத்ததில்லை. நான் நோட்டோடு வந்து உட்காரும்போது செடியில் இலைதான் இருக்கும்.

அக்கா வாய்க்காரி. ஒருநாள் என்னைப் பார்த்து, "ஏட்டி, முந்தாநாள் பதினோரு பூ இருந்துச்சு, இன்னைக்கு ஏழுதான் இருக்கு. தண்ணி ஊத்துதியா, இல்ல புத்தகம் வாசிச்சுக்கிட்டே மறந்துருதியா?" என்றாள்.

"நல்லா இருக்கே! பறிக்கது நீங்க, விசாரணையும் நீங்களாக்கும்?" என்றேன்.

"பின்ன? அம்மனுக்குப் பதில் சொல்ல வேண்டியவ நான்லா!"

சிரித்துக்கொண்டுதான் பேசினோம். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "செடி நம்ம பக்கம், பூ அவங்க பக்கம். வா, ஆபீசுல வச்சுப் பத்திரமே எழுதிருவோம்" என்பார். எல்லோரும் சிரித்த அந்த நாட்களில், எனக்கும் இரண்டு பூ வேண்டும் அக்கா, செடியிலேயே விட்டுவையுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அவள் விட்டிருப்பாள். சொல்ல வெட்கமாக இருந்தது. சாமிக்கு இல்லாமல் பார்ப்பதற்குப் பூ வேண்டும் என்றால், படித்த திமிர் என்று நினைப்பாளோ என்று பயந்தேன். வடிவு வீட்டில் ஏதாவது கேட்காமல் அடக்கிக்கொள்கிறாள் என்று தோன்றினால், நீயே போய்க் கேட்டுவிடு. அடக்கிக்கொள்கிறவர்கள் நல்லவர்கள் போலத் தெரிவார்கள். நானும் அப்படித்தான் தெரிந்தேன்.

உனக்கு எட்டு வயது. சித்திரைக் கடைசி. என்னோடு படித்த சாரதா ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவதாக எழுதியிருந்தாள். நான் மூன்று வருஷமாக அவளுக்கு மந்தாரையைப் பற்றி எழுதி எழுதிப் பெருமையடித்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் செடியில் பன்னிரண்டு மொட்டு விரியக் காத்திருந்தது. மறுநாள் காலையில் நான் எழுந்து போனபோது ஒன்றுகூட இல்லை. அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் விளக்கத் தெரியவில்லை. விறகு கீறும் அரிவாளை எடுத்துவந்து, துளிரும் இன்னும் முற்றாத மொட்டுமாக நின்ற செடியை முழங்காலுக்குக் கீழே வெட்டிப் போட்டேன். கிளைகளைத் தெருக்கோடிக் குப்பைக்குழியில் நானே இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டேன். பத்து மணிக்கு வந்த சாரதா கொல்லையைப் பார்த்து, "இதுதானா உன் மந்தாரை?" என்று கேட்டாள். வெயிலில் கட்டையிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் அக்கா சுவரோரம் வந்து திகைத்து நின்றாள். "என்னட்டி இது? காலையிலகூட நல்லா நின்னுச்சே!"

"பட்டுப் போச்சுக்கா" என்றேன். "உள்ளுக்குள்ள பூச்சி விழுந்திருக்கு. வெளிய தெரியாது. வெட்டாட்டா வேரும் போயிரும்."

அவள் ஒரு நிமிஷம் கட்டையைப் பார்த்தாள். "நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும்" என்றாள். ஊருக்குள் என் படிப்பை மதித்து, கேலி இல்லாமல் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

மறுநாள் மத்தியானம் அவள் வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது. அவளுடைய பெரிய மாமனார் ராயகிரியில் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. யாரோ எழுத மறந்து, பிறகு எழுதியது. அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "பதினோரு நாளாத் தீட்டுட்டி எங்களுக்கு. தெரியாமப் போச்சே! இத்தனை நாளும் இந்தக் கையாலதான ஒன் செடியைத் தொட்டேன்! அதான் பட்டுப் போச்சு. நான்தான் பட வச்சேன்" என்று சொல்லி அழுதாள். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அப்படியெல்லாம் இல்லக்கா" என்று மட்டும் சொன்னேன். அதை அவள் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள். என் மனதின் ஒரு மூலையில், இனி பறிக்க மாட்டாள் என்ற நிம்மதி இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அன்றிலிருந்து அவள் எந்தச் செடியையும் தொடவில்லை. அவள் வீட்டு நந்தியாவட்டையில் பூ அப்படியே உதிர்ந்தது. அம்மனுக்கு விளக்கு மட்டும் ஏற்றினாள். உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து கொல்லையைப் பார்த்தவர், "அருவாளக் கழுவி வச்சியா?" என்று மட்டும் கேட்டார். என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவும் இல்லை, நான் செய்தது சரி என்று சொல்லவும் இல்லை. இத்தனை வருஷமும் நானே சொல்வதற்கு அவர் இடம் விட்டு வைத்திருந்தார் என்று இப்போது புரிகிறது. அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. அவர் இதை வாசிக்கட்டும் என்றுதான் மேஜைமேல் திறந்தே வைத்து எழுதுகிறேன்.

அடுத்த மாதம் உனக்கு டைபாய்டு வந்தது. கஞ்சித் தண்ணீர், பார்லித் தண்ணீர் தவிர வேறு எதுவும் கூடாது, காய்ச்சல் தானாக இறங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தாறு நாள் நீ கிழிந்த துணி போலக் கிடந்தாய். யுத்தகாலம், கடையில் பார்லி கிடைக்கவில்லை. எங்கே தேடினாளோ, அக்காதான் கொண்டுவந்தாள். மத்தியானம் நான் கண்ணயர்வதற்காக உன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவாள். கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து உன் நெற்றியிலும் வயிற்றிலும் பூசுவாள். மற்ற நாளானால் நான் படித்த பேச்சுப் பேசியிருப்பேன். அப்போது பேசவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சலோடு நீ ஒருநாள், "பெரியம்மா ஏன் சுவர் ஏறி வரலை? ஏன் வாசல் வழியா வாராங்க?" என்று கேட்டாய். அவளால் ஆட்டுக்கல்லில் ஏறி ஒரு நிமிஷத்தில் வந்துவிட முடியும். ஆனால் அந்த வழியில் மந்தாரைக் கட்டை இருந்தது. தன் புடவைத் தலைப்புகூட அதில் பட்டுவிடக் கூடாது என்று, வைகாசி வெயிலில், கொதிக்கும் கஞ்சிப் பாத்திரத்தைத் துணியில் பிடித்துக்கொண்டு இரண்டு தெருவைச் சுற்றி வந்தாள், ஒருநாளைக்கு மூன்று தடவை. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் உனக்குப் பூசியது போக மிச்சமிருந்த புற்றுமண்ணை என் கையில் கொடுத்து, "இத அந்தச் செடி மூட்டுல நீயே போட்டுரு. நான் போட்டா ஆகாது" என்றாள். நான் வாங்கிக்கொண்டுபோய் அந்தக் கட்டையின் அடியில் போட்டேன், மகனே. போட்டேன்.

நீ எழுந்து உட்கார்ந்தாய். மந்தாரை மூன்று வருஷம் குச்சி குச்சியாகத் துளிர்த்து, நாலாம் வருஷம் பூத்தது. "வந்து பறிச்சுக்கிடுங்கக்கா" என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். காரணத்தைச் சொல்லாத அழைப்புக்கு அவள் எப்படி வருவாள்? பூ முழுவதும் எனக்கே கிடைத்தது. நான் அதற்குப் பிறகு ஒரு படம்கூட வரையவில்லை.

இதுவரை எழுதி வெள்ளிக்கிழமை நிறுத்தினேன். இன்று திங்கட்கிழமை. சனிக்கிழமை காலையில், "ஆவுடையக்கா வீட்டுக்குப் போய்ட்டு வாரேன்" என்றேன். உன் அப்பா மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். "அப்ப குடைய எடுத்துக்கோ. வெயிலு கொளுத்துது" என்றார்.

அக்கா பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். சாரதாவிலிருந்து அரிவாள் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டுவதை நிறுத்தவில்லை, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "பூச்சி இல்லியா?" என்றாள்.

"இல்லக்கா."

"ரெண்டு பூ வேணும்னு ஒரு வார்த்தை கேக்க ஒனக்கு என்னட்டி? அம்மன் ரெண்டு பூ கொறஞ்சா கோவிச்சுக்கிடுவாளா?" சாக்கைத் தள்ளிவிட்டாள். "ஒன் மவன் கெடந்தான்லா. அப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நான் தீட்டுக் கையால பட வச்ச பாவந்தான் அந்தப் பிள்ளை தலையில வந்து விழுந்திருக்குன்னு நெனச்சேன். அவன் எந்திரிச்சு உக்காந்தா இனி ஒரு பூவத் தொட மாட்டேன்னு நேந்துக்கிட்டேன். தீட்டு கழிஞ்ச பொறவும் தொடாம இருந்தது செடிக்காகன்னா நெனச்ச? ஒன் பிள்ளைக்காக."

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். மன்னிச்சிருங்க என்று சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. "போ ஏட்டி. ரெண்டு நாளைக்கு என் மூஞ்சியில முழிக்காத" என்றாள். குடையை விரிக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

அவளுடைய கோபம் நியாயமானது. இரண்டு நாளும் நான் கொல்லைப் பக்கமே போகவில்லை. எத்தனையோ பேருக்கு வாய்க்காத ஒன்று எனக்கு வாய்த்திருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். பெறாத பிள்ளைக்காக ஒருத்தி தன் பிரியமான ஒன்றை விட்டுக்கொடுத்தாள். அதைத் தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். நீ இன்று உயிரோடு இருந்து எனக்குக் கடிதம் எழுதுவது யாரால் என்று எனக்குத் தெரியாது. டாக்டராலா, பார்லியாலா, உன் உடம்பின் பலத்தாலா, என் படிப்பு எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உனக்கும் இருக்கக் கூடாது.

இன்று காலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏட்டி" என்று குரல் வந்தது. ஓடினேன். அக்கா கைகளைச் சுவர்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. சிரிக்கவில்லை.

"ஒன் மவனுக்கு நான் கல்யாணத்தன்னைக்கு ஒண்ணு சொன்னேன்லா, என் கை ஆகாதுன்னு?"

"ஆமாக்கா. அதைத்தான் எழுதிக் கேட்டிருந்தான்."

"பதில் போட்டுட்டியா?"

"எழுதிக்கிட்டிருக்கேன்."

"எழுது. மூடி மறைக்காம எழுது. நீ செஞ்சதையும் எழுது, நான் கேக்காமப் பறிச்சதையும் எழுது. ஆவுடை பெரியம்மா கையில ஒரு கொறையும் இல்லன்னு எழுது. அந்தப் பிள்ளை வாயால ஒரு பதில் வரட்டும். அத நான் குருவிகுளத்துக்குக் கொண்டுபோறேன்."

எழுதிவிட்டேன். இதை வடிவுக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, இன்றைக்கே பதில் போடு. எனக்கு இல்லை, பெரியம்மாவுக்கு. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

உன் அம்மா